பட்டாசாலையில் ஒரு வாரம்

காரைக்குடியில் அப்பா நடத்தும் கிளினிக்குக்குக் கூட்டம் குறைந்துகொண்டே வருகிறது. அவர் டாக்டர், கணக்கு வழக்கு நான். காரணம் புதிய ஆஸ்பத்திரிகள்தான் என்று நினைத்திருந்தேன்.

போன வாரம் ஒரு நோட்டோடு பட்டாசாலையில், அதாவது நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில், அவர்களோடு போய் உட்கார்ந்தேன். காலை ஒன்பது மணிக்கு, ஆட்கள் வந்து சேரும் நேரத்தில், நாங்கள் தரை துடைக்கிறோம். ஆத்தங்குடிக் கல், தேய்ந்து வழவழவென்று இருக்கும். பள்ளத்தூரிலிருந்து வந்த ஓர் ஆச்சி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி நடந்தார். "அய்யா எப்பக் கூப்பிடுவாக?" என்று மூன்று தடவை கேட்டார். "இருங்க ஆச்சி" என்பதுதான் மூன்று தடவையும் பதில். அவருக்கு வேண்டியது ஒரு நேரம், ஊருக்குப் பஸ் பிடிக்க.

1988-இல் பரசுராமன், சைத்தாம்ல், பெர்ரி என்ற மூன்று சந்தையியல் ஆய்வாளர்கள், சேவையின் தரத்தை அளக்க 'சர்வ்குவால்' என்று 22 கேள்விகளில் ஓர் அளவுகோல் கொடுத்தார்கள். வருகிறவர் எதிர்பார்ப்பதற்கும் அவருக்குக் கிடைப்பதற்கும் உள்ள இடைவெளியை அளப்பது. நம்பகம், உடனே கவனிப்பது, பரிவு எல்லாம் அதில் வரும். அப்பாவின் வைத்தியத்தில் குறையில்லை. பட்டாசாலையில்தான் தோற்றிருக்கிறோம், அது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

சரி, இப்போது தரை எட்டு மணிக்கே காய்ந்துவிடுகிறது. டோக்கனில் உத்தேச நேரம் எழுதுகிறோம், தாமதமானால் நானே போய்ச் சொல்கிறேன். அந்த ஆச்சிக்கு அடுத்த செவ்வாய் பத்தரை மணி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.