கனகராயன் ஆற்றை நியோ4ஜேயில் ஏற்றுதல்

ஒக்டோபர் 8, கிளிநொச்சி

காலபோக விதைப்பு தொடங்கிவிட்டது. மழை இறங்குவதற்குள் வன்னியின் குளங்கள், வாய்க்கால்கள், வயற்காணிகள் அத்தனையும் நியோ4ஜே என்ற தரவுத்தளத்தில் இருக்க வேண்டும்; அது தரவைக் கணுக்களாகவும் அவற்றுக்கிடையிலான இணைப்புகளாகவும் வைத்திருப்பது. ஒரு குளம் நிரம்பி வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் அடுத்து எந்தக் குளத்துக்கு, எந்த ஊருக்குப் போகும் என்று கேட்டால் உடனே பதில் வர வேண்டும். 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இது ஏன் என்று விளக்கத் தேவையில்லை.

காணிக் கோப்பில் பல இலட்சம் வரிகள். தொடக்கத்தில் மளமளவென்று ஏறியது, போகப்போக நகரவே இல்லை. பிழைச்செய்தியும் இல்லை. இப்படி வரவர மந்தமானால், தேடலை விரைவாக்கும் அட்டவணையான இன்டெக்ஸைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மெர்ஜ் என்ற கட்டளை ஒவ்வொரு வரிக்கும் இந்தக் காணி ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடும், இல்லாவிட்டால்தான் புதிதாக உருவாக்கும். இன்டெக்ஸ் இல்லாவிட்டால் அதுவரை ஏறிய எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்கும். ஒரே காணி இலக்கம் இரண்டு முறை வராதபடி தனித்துவக் கட்டுப்பாடு போட்டோம்; இன்டெக்ஸும் அதோடு வந்துவிடும். தேநீர் ஆறுமுன் கோப்பு முடிந்தது.

ஒக்டோபர் 9

எந்தக் குளம் எந்தக் குளத்துக்குப் பாய்கிறது என்ற இணைப்புக் கோப்பு இன்று. கையில் கிடைத்த பழைய ஸ்கிரிப்டில், கோப்பைத் தொகுதி தொகுதியாகச் சேமிக்கும் ‘பீரியாடிக் கமிட்’ இருந்தது. நியோ4ஜே பதிப்பு 5 அதை ஏற்காது. அந்த வரியை வெறுமனே எடுத்துவிட்டால் முழுக் கோப்பும் ஒரே பரிவர்த்தனையாகி நினைவகம் நிரம்பிவிடுகிறது. அதற்குப் பதிலான ‘கால் இன் டிரான்சாக்‌ஷன்ஸ்’ போட்டு ஆயிரம் ஆயிரம் வரியாகப் பிரித்தோம். இரண்டு முனைக் குளங்களையும் ஒரே கட்டளையில் மெர்ஜ் செய்வதையும் நிறுத்தினோம். அப்படிச் செய்தால் தரவுத்தளம் கட்டளையை இயக்கப் போடும் திட்டத்தில் ‘ஈகர்’ என்ற படி நுழைந்து எல்லா வரிகளையும் ஒன்றாக இழுத்து வைத்துக்கொள்ளும். குளங்கள் முதலில், இணைப்புகள் பிறகு.

பின்னேரம் கரண்ட் போனது. ஏறிய தொகுதிகள் ஏறியபடியே இருந்தன. மெர்ஜ் என்பதால் மறுபடி ஓட்டியும் எதுவும் இரட்டிக்கவில்லை.

ஒக்டோபர் 11

எல்லாம் ஏறிவிட்டது, பிழை ஒன்றும் இல்லை. ஆனால் பாலியாற்றில் உள்ள வவுனிக்குளத்திலிருந்து தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டால் சுண்டிக்குளம் நீரேரி என்று வருகிறது! நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஐயா திரையைப் பார்த்ததும் சொன்னார்:

“பாலியாறு மேற்காலை போற ஆறு தம்பி. அது எப்பிடிக் கிழக்கே சுண்டிக்குளத்துக்கு வரும்? இதிலை நிக்கிற புதுக்குளம் எந்தப் புதுக்குளம்?”

அதுதான் விடயம். வன்னியில் எத்தனை புதுக்குளம், எத்தனை பெரியகுளம், எத்தனை ஆலங்குளம்! பெயரை வைத்து மெர்ஜ் செய்ததில் அத்தனை புதுக்குளமும் ஒரே கணுவாகி, அதன் வழியாகப் பாலியாறு கனகராயன் ஆற்றில் விழுந்திருந்தது. நினைவகம் போதாவிட்டால் கணினி கத்தும். இதற்குக் கத்தாது. இந்த வரைபடத்தை நம்பி வெள்ள எச்சரிக்கை கொடுத்தால் தவறான ஊர் எழும்பி ஓடும்.

மாறாகவும் நடந்திருக்கிறது. ‘கொ’ என்ற எழுத்தை யுனிகோட்டில் ஒரே குறியாலும் எழுதலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைத்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, தரவுத்தளத்துக்கு இரண்டு குளம். எல்லாவற்றையும் ஒரே குறியாக்கும் யுனிகோட்டின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் இது தீரும். புதுக்குளம் தீராது, அதற்கு இலக்கம்தான் வேண்டும். ஐயா கிராம அலுவலர் பிரிவு வாரியாக ஒவ்வொரு புதுக்குளத்தையும் பிரித்துத் தருகிறார்.

ஒக்டோபர் 14

கனகராயன் ஆற்றில் உள்ள இரணைமடுக் குளத்துக்குள் எதுவும் பாயவில்லை என்று வந்தது. மூலக் கோப்பு யுனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சானது. பாமினியில் ‘இ’ என்பது உள்ளே காற்புள்ளி. நிரல்களைக் காற்புள்ளியால் பிரிக்கும் சிஎஸ்வி கோப்பில், மேற்கோள்குறி இல்லாவிட்டால், ‘இ’யில் தொடங்கும் பெயர் எல்லாம் ஒரு நிரல் தள்ளிப் போய்விடும்: இரணைமடு, இலுப்பைக்குளம், எல்லாமே. இலக்கம் பொருந்தாத வரியை, தேடி எடுக்கும் கட்டளையான மேட்ச் சத்தமின்றி விட்டுவிடும். பொருந்தாத வரியையும் வெறுமையாக வைத்திருக்கும் ஆப்ஷனல் மேட்ச் போட்டு வெறுமையாய் வந்தவற்றைப் பட்டியலிட்டபோதுதான் பிடிபட்டது. எக்செல் கோப்பைத் தாவல் குறியால் பிரித்துச் சேமித்து, யுனிகோட்டுக்கு மாற்றி, திரும்ப ஏற்றினோம்.

கனகராயன் ஆறு இப்போது இரணைமடுவுக்குள் வந்து, அங்கிருந்து சுண்டிக்குளம் போகிறது. பாலியாறு மேற்கே போகிறது. குளத்து நீரைத் திறந்துவிடும் துருசுகளின் கோப்பும் பாமினியில்தான் வந்திருக்கிறது; நாளை எழுத்துருவை மாற்றிவிட்டுத்தான் அதைத் தொடுவோம்.