அந்தமான் போறீங்களா? முதல்ல கப்பல் டிக்கெட்டைப் பாருங்க

நாங்கள் அந்தமான் போய்வந்த பிறகு சொந்தத்தில் ஆளாளுக்குப் போன் போட்டு விவரம் கேட்கிறார்கள். கோபியில் ஒரு கல்யாணத்துக்குப் போனால் பந்தியிலும் அதே பேச்சுதான். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

போவது சுலபம். ஈரோட்டில் ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிவதற்குள் சென்னை சென்ட்ரல். ஸ்டேஷனுக்கு அடியிலேயே மெட்ரோ, நேராக ஏர்போர்ட். அங்கிருந்து போர்ட் பிளேர் இரண்டு மணி நேரச் சொச்சம். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பேரை மாற்றிவிட்டார்கள், பேச்சில் இன்னும் போர்ட் பிளேர்தான். சென்னையிலிருந்து கப்பலிலும் போகலாம், ஆனால் போகவே மூன்று நாள் ஆகிவிடும். லீவுக்கு லோல்படுகிறவர்களுக்கு அது ஆகாது.

பை கட்டும்போது ஒன்று. எங்கள் அத்தை பருப்புப்பொடி, முறுக்கோடு நாலு கொப்பரையையும் துணியில் சுற்றி வைத்திருந்தார். கொப்பரையை விமானத்தில் விடமாட்டார்கள். எண்ணெய்ச் சத்து அதிகம், அடைபட்டுக் கிடந்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். "அந்தமான்ல தென்னைமரம் இல்லாமயா போச்சு, விடுங்கத்தை" என்று சொல்லித்தான் எடுக்க வைத்தேன்.

இனிதான் விஷயமே. எல்லாரும் முதலில் ஹோட்டலைத் தேடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது தீவுக்குத் தீவு போகும் கப்பலை. ஹேவ்லாக்கும் நீலும்தான் நாம் ஆசைப்படும் கடற்கரைகள் இருக்கும் தீவுகள் (2018இல் இவற்றுக்கும் ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு என்று பேர் வைத்தாயிற்று). இரண்டுக்கும் கடல் வழிதான். தனியார் கப்பல் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் ஹேவ்லாக் போய்விடும். ஏசி போட்டு மூடிய அறை, சீட் நம்பர் எல்லாம் உண்டு. அரசுக் கப்பல் மெதுவாகப் போகும், டிக்கெட் விலை ரொம்பக் குறைவு, மேல்தளத்தில் நின்று காற்று வாங்கலாம். போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல், மறுபடி போர்ட் பிளேர் என்று ஒரு சுற்றாக டிக்கெட் எடுத்துக்கொண்டு, அதற்கேற்ப ரூமைப் போடுங்கள். ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு முந்தின நாளே போர்ட் பிளேர் வந்துவிட வேண்டும். காற்று அடித்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள், விமானம் நமக்காக நிற்காது.

வாந்திக்குப் பயப்படுகிறவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் சீட் கேளுங்கள். முன்பக்கம்தான் தூக்கித் தூக்கிப் போடும். டாக்டரைக் கேட்டு மாத்திரை வாங்கி வைத்திருந்தால், கிளம்புவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். தலை சுற்றின பிறகு போட்டுப் பயனில்லை. அத்தை கையில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு தூங்கியே கரை சேர்ந்தார்.

ஹேவ்லாக்கில் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பதுதான் லாபம், லைசென்ஸ் மறக்காதீர்கள். ராதாநகர் கடற்கரையில் சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டுமானால் மதியச் சோற்றைச் சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்புங்கள். நாங்கள் போன ஜனவரியில் ஐந்தேகாலுக்கே பொழுது இறங்கிவிட்டது. "ஏங்கண்ணு, வெளக்கு வெக்கிற நேரமே ஆகல, அதுக்குள்ள பொழுது போயிருச்சு?" என்று அத்தை கேட்டார். அந்தமான் நம் ஊருக்குக் கிழக்கே 15 டிகிரிக்கும் மேல் தள்ளி இருக்கிறது. சூரியன் ஒரு மணி நேரம் முந்திக்கொள்கிறது, கடிகாரம் மட்டும் அதே இந்திய நேரம். அதற்கேற்ப விடிவதும் சீக்கிரம், ஆறு மணிக்கு மேல் தூங்கினால் பாதி நாள் போச்சு.

நீலில் இயற்கையாகவே அமைந்த பாறைப் பாலம் ஒன்று இருக்கிறது. கடல் வற்றும் நேரத்தில்தான் அதன் அடிவரை நடந்து போக முடியும். பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் சின்ன மீன்களும் கடல் அட்டைகளும் கிடக்கும். வற்றும் நேரம் தினமும் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும், அதனால் ரூம்காரரிடம் அன்றன்றைக்குக் கேட்டுக்கொள்ளுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் போனால் தண்ணீர் நன்றாக உள்வாங்கும். டிக்கெட் போடும் முன்னால் வீட்டுத் தினசரி காலண்டரை ஒரு தடவை புரட்டுங்கள்.

எனக்கு ஹேவ்லாக்கைவிட நீல்தான் பிடித்தது. அந்தமானுக்கே காய்கறி விளைவித்துத் தரும் தீவு என்று அதற்குப் பெயர். பாக்கும் தென்னையும் கத்தரித் தோட்டமுமாக, அந்தியூர்ப் பக்கம் வண்டி ஓட்டுவதுபோலவே இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் கடலைப் பார்த்ததைவிட வாய்க்கால், வரப்பைப் பார்த்ததுதான் அதிகம்.

பாஷைக்குக் கவலை வேண்டாம். எல்லாருக்கும் பொதுவாக இந்திதான் என்றாலும், போர்ட் பிளேரில் தமிழ்க்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்புறம், கரையில் கிடக்கும் பவளத் துண்டு, சிப்பி எதையும் பைக்குள் போடாதீர்கள். சட்டப்படி குற்றம், ஏர்போர்ட்டில் பையைத் திறந்து எடுத்துவிடுவார்கள். ஞாபகத்துக்கு வேண்டுமென்றால் அரசு எம்போரியத்தில் வாங்கி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.