கோவ் துறைமுகத்தில் கரைசேர்ந்தவர்கள்

அயர்லாந்தின் கார்க் நகரிலிருந்து கோவ் என்ற துறைமுக ஊருக்கு ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஊரை நெருங்கும்போது தண்டவாளம் நீரை ஒட்டியே ஓடுகிறது. இறங்கினால் ஒருபக்கம் துறைமுகம், மறுபக்கம் செங்குத்தான மேடு. உச்சியில் புனித கோல்மன் பேராலயம். அதன் கீழே சரிவில் வண்ண வண்ணமாக நெருக்கியடித்து நிற்கும் வீடுகள். அவற்றைச் 'சீட்டுக்கட்டு' என்கிறார்கள். அடியிலுள்ள வீட்டை உருவினால் மற்றவையும் சரிந்துவிடுமாம்.

1849இல் விக்டோரியா ராணி வந்துபோன பிறகு குயின்ஸ்டவுன் என்றாகி, அயர்லாந்து விடுதலை பெற்ற காலத்தில் பழைய பெயருக்கே திரும்பிய ஊர் இது. 1848 முதல் 1950 வரை இங்கிருந்து கப்பலேறியவர்கள் 25 லட்சத்துக்கும் மேல். பழைய ரயில் நிலையக் கட்டடத்தில்தான் இப்போது அருங்காட்சியகம். வெளியே, இரண்டு தம்பிகளோடு ஆனி மூரின் சிலை. 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க்கில் குடியேற வருபவர்களைப் பதிவுசெய்யும் எல்லிஸ் தீவு நிலையம் திறந்தபோது முதலில் பதிவானவள் அவள்தான். அன்று அவளுக்கு 15ஆவது பிறந்தநாள் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். ஆவணங்களின்படி வயது 17. பிறந்தநாள் கதை கேட்க இனிமையாக இருந்ததால் நிலைத்துவிட்டது போலும்.

ஆனால் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் டைட்டானிக்தான். 1912 ஏப்ரல் 11 அன்று அது துறைமுக வாயிலுக்கு வெளியே சுமார் இரண்டு மணி நேரம் நின்றது. இங்கிருந்து சிறு படகுகளில் போய் ஏறியவர்கள் 123 பேர். அன்றைய கப்பல் நிறுவன அலுவலகத்தில் இப்போது கண்காட்சி நடக்கிறது. நுழைவுச் சீட்டில் உண்மையான பயணி ஒருவரின் பெயர் இருக்கும்; அவர் பிழைத்தாரா என்பது கடைசியில்தான் தெரியும். எனக்கு அந்த விளையாட்டு ஒட்டவில்லை.

இந்த ஊர் கைநீட்டித் தொட்ட துயரம் வேறு. 1915 மே 7 பிற்பகல், ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றின் குண்டு பட்டு லூசிடேனியா என்ற பயணிகள் கப்பல் 18 நிமிடங்களில் மூழ்கியது. இறந்தவர்கள் ஏறத்தாழ 1,200 பேர். கோவ் துறைமுகத்திலிருந்து இழுவைப் படகுகளும் மீன்பிடிப் படகுகளும் விரைந்தன. இருட்டிய பிறகு, நனைந்த உடையோடு நடுங்கியபடி பிழைத்தவர்கள் வந்திறங்கினார்கள். விடுதி, மருத்துவமனை, வீடு என்று கிடைத்த இடத்திலெல்லாம் தங்கவைத்தார்கள். துறைக் கொட்டகையிலும் நகர மண்டபத்திலும் பிணங்களை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். உறவினரைத் தேடுபவர்கள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டியிருந்தது. அடையாளம் தெரியாதவர்களுக்கு எண் கொடுத்துப் புகைப்படம் எடுத்துவைத்தார்கள். மே 10 அன்று சவப்பெட்டிகள் ஊர்வலமாக மேட்டின்மேல் போயின.

கேஸ்மென்ட் சதுக்கத்தில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் உண்டு. மேலே சமாதான தேவதை, கீழே சோர்ந்த முகத்தோடு மீனவர்கள் இருவர். எனக்குப் பிடித்தது அந்த மீனவர்கள்தான். மாலுமித் தலைவனையோ மந்திரியையோ நிறுத்தாமல், படகில் போனவர்களை நிறுத்தியிருக்கிறார்கள். சிற்பி ஜெரோம் கானர் வேலை முடியுமுன்பே 1943இல் இறந்துவிட்டார்; பிறகு மற்றவர்கள் முடித்தார்கள்.

பழைய தேவாலயக் கல்லறைத் தோட்டம் ஊருக்கு வடக்கே இருக்கிறது. நடந்தால் அரை மணிக்கு மேல் ஆகும், பெரும்பாதி ஏற்றம். லூசிடேனியாவில் இறந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோரை அங்கே மூன்று பெருங்குழிகளில் அடக்கம் செய்திருக்கிறார்கள். குத்துச்சண்டை வீரரும் பாடகருமான ஜாக் டாயிலும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறார். ஒரு பகல்தான் கையில் இருக்கிறதென்றால் கண்காட்சியை விட்டுவிட்டு இங்கே ஏறிவிடுங்கள். கார்க் திரும்ப இரவிலும் ரயில் உண்டு.