கடினம் எவ்வளவு என்பதோடு ஆழம் எவ்வளவு என்றும் எழுதுங்கள்

டர்பனில் உள்ள எங்கள் பட்டறைக்கு, நேட்டாலின் சர்க்கரை ஆலைகளிலிருந்து ஷாஃப்டுகளும் சங்கிலிப் பின்களும் மேற்பரப்புக் கடினமாக்கலுக்கு வருகின்றன. கூடவே வரும் வரைபடத்தில் பெரும்பாலும் ‘55–58 ராக்வெல் சி’ என்று, கடினத்தை அளக்கும் அலகில் ஒரு வரிதான் இருக்கும். எவ்வளவு ஆழத்துக்கு, எங்கிருந்து எங்கு வரை என்பதை எழுதுவோர் மிகச் சிலரே. என்னைக் கேட்டால், ஷாஃப்டின் ஆயுளைத் தீர்மானிப்பவை விடுபட்டுப்போன அந்த இரண்டும்தான்.

நாங்கள் கடினமாக்குவது மின்தூண்டல் முறையில். செப்புச் சுருளில் மாறுமின்னோட்டம் பாயும்போது, சுருளுக்குள் நிற்கும் எஃகில் சுழல் மின்னோட்டங்கள் எழுகின்றன. அதிர்வெண் கூடக் கூட அவை மேற்பரப்பை ஒட்டியே ஓடும். 10 கிலோஹெர்ட்ஸில் பொதுவாக 2 முதல் 4 மில்லிமீட்டர் ஆழம் கிடைக்கும். 200 கிலோஹெர்ட்ஸைத் தாண்டினால் ஒரு மில்லிமீட்டர் அளவிலேயே நின்றுவிடும். சுருள் நகர நகர, செஞ்சூடான வளையம் ஒன்று ஷாஃப்டின் மேல் ஊர்ந்து செல்லும். அதை விரட்டிக்கொண்டே நீர்த்தாரை வரும். 900 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடேறிய தோல் அந்தக் கணத்தில் மார்ட்டன்சைட் என்னும் மிகக் கடினமான எஃகு அமைப்பாக மாற, உட்பகுதி தன் பழைய உறுதியோடும் நெகிழ்வோடும் அப்படியே இருக்கும்.

மார்ட்டன்சைட் சற்றுப் பருமன் கூடியது. உள்ளிருக்கும் எஃகு அதற்கு இடம் கொடுக்காததால் தோல் அமுக்கத்தில் நிற்கிறது. தேய்மானத்தோடு, திரும்பத் திரும்ப வரும் சுமையால் ஏற்படும் முறிவும் குறைவது இதனால்தான். ஆனால் கடினப் பகுதி முடியும் எல்லையில் இழுவிசை தேங்கி நிற்கும். அந்த எல்லை, விட்டம் மாறும் மூலையிலேயே வந்து விழுந்தால், சுமை தரும் இழுவிசையும் அதனோடு சேர்ந்துகொள்ளும். கடினமாக்காத ஷாஃப்டைவிட அது முந்தி உடைந்தாலும் வியப்பதற்கில்லை. ஆகவே மூலையை முழுவதுமாகக் கடந்து நிறுத்த வேண்டும், அல்லது அதற்கு நன்கு முன்னரே நிறுத்த வேண்டும்.

எஃகின் பெயரையும், அதாவது ஈஎன்8 போன்ற தரக் குறியீட்டையும், மறைக்காமல் எழுதுவது நல்லது. ஈஎன்8 நீரில் திடீரெனக் குளிர்வதைத் தாங்கும். ஈஎன்19-க்குப் பாலிமர் கரைசலே பாதுகாப்பு, நீரில் வெடிப்பு விழலாம். ஈஎன்3-இல் கார்பன் போதாது. எவ்வளவு சூடாக்கினாலும் வரைபடம் கேட்கும் அந்த 55–58 வராது.

2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, மின்வெட்டு நேர அட்டவணையைப் பார்த்தே நீளமான ஷாஃப்டுகளைத் தொடங்குவோம். பாதியில் மின்சாரம் போய், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால், ஏற்கெனவே கடினமான ஓரம் மறுபடி சூடேறி அங்கே மென்மையான பட்டை ஒன்று விழுந்துவிடும். வெளியே பார்த்தால் அது தெரியாது. ஆழமும் அப்படித்தான். அதே எஃகில், அதே விட்டத்தில் ஒரு சிறு துண்டையும் சேர்த்து அனுப்பினால், அதை வெட்டி, கடினப் பகுதியை வேறுபடுத்திக் காட்டும் நைட்டல் என்ற அமிலக் கரைசலைப் பூசி, ஆழத்தை அளந்த பிறகே உங்கள் ஷாஃப்டில் கை வைப்போம்.