ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஆயில் மாற்றிய கதை

என் காருக்கு ஆயில் மாற்ற மெக்கானிக் வாங்கும் கூலி 350 ரூபாய். அந்த 350 ரூபாயை மிச்சப்படுத்தும் எண்ணம், ஆயுத பூஜைக்கு முதல் நாள் காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தோன்றியது. மூன்று லிட்டர் எஞ்சின் ஆயில் கேனும் புது ஃபில்டரும் ஏற்கெனவே வாங்கி வைத்தாயிற்று. பூஜை நெருக்கத்தில் பட்டறையில் நிற்க இடமிருக்காது. வேலையோ, கீழே ஒரு போல்ட்டைக் கழற்றிப் பழையதை வடித்துவிட்டு மேலே புதியதை ஊற்றுவதுதான். தஞ்சாவூர்ப் பக்கம் வயலுக்கு மடை திறந்தும் அடைத்தும் பழகிய குடும்பத்தில் பிறந்தவனுக்கு இது என்ன பிரமாதம் என்று நினைத்துவிட்டேன்.

பூஜைக்காக ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் இதைக் கேட்டதும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போர்ட்டிகோவுக்கே வந்துவிட்டார். அவர் போக்குவரத்துக் கழகப் பணிமனை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். கணக்குப் பிரிவில்தான் என்றாலும், பேருந்துகளின் வயிற்றைப் பற்றித் தமக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது அவருடைய உறுதியான கருத்து. கேனில் 20டபிள்யூ-40 என்று அச்சிட்டிருந்ததைப் படித்துவிட்டு, டபிள்யூ என்றால் வாட், நம் வண்டிக்கு இருபது வாட் போதும் என்றார். அது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து என்றும், முன்னால் உள்ள எண் குளிரில் எண்ணெய் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதையும் பின்னால் உள்ள எண் எஞ்சின் சூடேறிய பிறகு அதன் பிசுப்பு எவ்வளவு என்பதையும் சொல்பவை என்றும் விளக்கினேன். தஞ்சாவூரில் ஏது மாப்பிள்ளை குளிர்காலம் என்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

ஜாக்கியின் மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்கக் கூடாது, ஹாலோ பிளாக் கல் பாரம் தாங்காமல் திடீரென்று நொறுங்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆகவே வீடு கட்டியபோது மிஞ்சிய கனமான மரப்பலகைகளைப் படிப்படியாக அடுக்கி, முன்சக்கரங்கள் இரண்டையும் அவற்றின் மேல் ஏற்றி, கைப்பிரேக்கைப் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தேன். எண்ணெய் இளகி ஓடுவதற்காக எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்தினேன். பரணிலிருந்து ஒரு பழைய அலுமினிய அன்னக்கூடையை எடுத்து வந்து, பழைய நாளிதழ்களை விரித்து அதன் மேல் வைத்தேன். இதுவரை நான் செய்தவற்றில் எந்த மெக்கானிக்கும் குறை சொல்ல முடியாது. அன்னக்கூடையைப் பற்றி என் மனைவி சொல்லலாம்.

மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்ததும், முதலில் கண்ணில் பட்ட போல்ட்டில் ஸ்பானரை மாட்டினேன். கீழே படுத்துக்கொண்டு மேலே பார்க்கும்போது இடம் எது, வலம் எது என்பது எவ்வளவு பெரிய தத்துவச் சிக்கல் என்பதை நின்றுகொண்டு வேலை செய்பவர்களால் உணர முடியாது. ஐந்து நிமிடம் முழு பலத்தோடு அதை இறுக்கிக்கொண்டிருந்தேன் என்பது, மாமனார் தம் கைக்கடிகாரத்தைக் கழற்றி முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, முள் சுற்றும் திசையைக் காட்டி விளக்கிய பிறகே எனக்குப் புரிந்தது. திசையை மாற்றியதும் போல்ட் இளகியது. இளகிய வேகத்தில் கையை விட்டு நழுவி அன்னக்கூடைக்குள் விழுந்தது. பின்னாலேயே எண்ணெயும் வந்தது.

வந்த எண்ணெய் நேராகக் கீழே விழும் என்று நம்பியிருந்தேன். உள்ளே எண்ணெய் நிறைந்திருக்கும்போது அழுத்தம் அதிகம் என்பதால், அது வில்லாக வளைந்து அன்னக்கூடையைத் தாண்டி நாளிதழின் தலையங்கத்தில் விழுந்தது. அன்னக்கூடையைத் தள்ளி வைத்தேன். மட்டம் குறையக் குறைய வளைவும் பின்வாங்கி, இப்போது அன்னக்கூடைக்கு இந்தப் பக்கம், என் சட்டைக் காலரில் விழத் தொடங்கியது. கொல்லையில் பிடிபடாத கோழியைத் துரத்துபவனைப் போல அன்னக்கூடையோடு முன்னும் பின்னும் நகர்ந்து, இரண்டு லிட்டர் அளவுக்குப் பிடித்துவிட்டேன்.

வெளியே வந்து பார்த்தால், எண்ணெய் தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது. பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடிய எண்ணெய் கறுப்பாக இருக்க வேண்டும் அல்லவா என்ற சந்தேகம் எனக்கு வராமல் இல்லை. வண்டியை நீங்கள் வைத்திருக்கும் லட்சணம் அப்படி மாப்பிள்ளை என்று மாமனார் பாராட்டினார். மாமனார் வாயிலிருந்து பாராட்டு வருவது ஆண்டுக்கு ஒரு முறை நிகழக்கூடியது என்பதால், அதை ஆராய்ந்து கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. எண்ணெயில் லேசான கந்தக நெடி அடித்தது. அதையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தீபாவளிக்கு முன்னோட்டமாக வெடித்துக்கொண்டிருந்த பட்டாசின் கணக்கில் எழுதிவிட்டேன்.

அடுத்தது ஃபில்டர். அதைக் கழற்றுவதற்கென்று பட்டை போன்ற ஒரு கருவி உண்டு; என்னிடம் இல்லை. கையால் திருகினேன், அசையவில்லை. துணியைச் சுற்றித் திருகினேன், துணி கிழிந்தது. இடுப்பு பெல்ட்டைக் கழற்றி அதன் மேல் சுற்றி இழுத்தேன். ஃபில்டர் இருந்த இடத்திலேயே இருந்தது, கால்சட்டைதான் இறங்கியது. கடைசியில் கேள்விப்பட்டிருந்த முரட்டு வைத்தியத்தைக் கையாண்டு, நீண்ட திருப்புளி ஒன்றைச் சுத்தியலால் அதன் குறுக்கே அடித்து இறக்கி, அதையே கைப்பிடியாக்கித் திருகினேன். ஓட்டை வழியாக வெளியேறிய எண்ணெய் திருப்புளியில் வழிந்து, மணிக்கட்டைத் தொட்டு, முழங்கை வரை பாய்ந்தது. அந்த எண்ணெய் மை போல் கறுப்பாக இருந்தது. கீழே தேன் நிறம், இங்கே மை நிறம் என்றால் சிந்தனையுள்ள எவனும் ஒரு நிமிடம் நின்றிருப்பான். அழுக்கையெல்லாம் பிடித்து வைப்பதுதானே மாப்பிள்ளை ஃபில்டரின் வேலை, அது கறுப்பாகத்தான் இருக்கும் என்றார் மாமனார். அந்த விளக்கத்தின் அழகில் நான் சொக்கிப்போனேன்.

பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்து, அது தெரியாமல் அதன் மேலேயே புதியதை மாட்டினால் எண்ணெய் பீய்ச்சியடிக்கும் என்று படித்திருந்ததால், அதைத் தேடிப் பார்த்து எடுத்துவிட்டு, புது வளையத்தில் எண்ணெய் தடவிக் கையாலேயே இறுக்கினேன். அன்று முழுவதும் நான் சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான் என்பதால் இங்கே பதிவு செய்கிறேன். கீழே போல்ட்டை மாட்டிவிட்டு மூன்று லிட்டரையும் ஊற்றினேன். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால், எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டிக் கைப்பிடிப் பக்கம் ஏறியிருந்தது. புது எண்ணெய் கீழே இறங்கி அடங்க நேரமாகும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். எஞ்சினை ஓட்டிப் பார்த்திருந்தால் அப்போதே குட்டு வெளிப்பட்டிருக்கும். புது எண்ணெயோடு முதல் ஸ்டார்ட், பூஜை முடிந்து நல்ல நேரத்தில்தான் என்று மாமனார் தீர்மானமாகச் சொல்லிவிட்டதால், நியூட்ரலில் தள்ளிப் பலகையிலிருந்து இறக்கி நிறுத்தினோம்.

மறுநாள் காருக்குச் சந்தனப் பொட்டு, குங்குமம், சாமந்தி மாலை எல்லாம் ஆயிற்று. என் ஸ்பானரும் திருப்புளியும் கூடப் பொட்டு வைத்துக்கொண்டு பிள்ளைகளின் புத்தகங்களுக்குப் பக்கத்தில் பூஜையில் இருந்தன. நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. தெருவே பார்த்துக்கொண்டிருக்க, சாவியைத் திருகினேன். எஞ்சின் வேண்டா வெறுப்பாக உறுமிற்று. அடுத்த நொடி புகைக்குழாயிலிருந்து நீலப் புகை கிளம்பி, போர்ட்டிகோவை நிறைத்து, எதிர்வீட்டு மாடி வரை போயிற்று. எதிர்வீட்டு மாமி சாம்பிராணி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டதாகப் பிறகு தெரிந்தது. எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் நிறுத்துவது அபசகுனம் என்று மாமனார் கத்தியதால், முதல் கியரைப் போட்டுப் பத்தடி நகர்த்தினேன். சுதி சேராத நாதஸ்வரம் போன்ற ஓர் ஓசை கீழிருந்து எழுந்தது. பயந்து அணைத்துவிட்டேன்.

மெக்கானிக்கை அழைத்தால், ஆயுதங்களைப் பூஜையில் வைத்தாயிற்று, விஜயதசமி அன்றுதான் கையில் எடுப்பேன் என்றார். அதை மறுத்துப் பேச எனக்கு என்ன தகுதி இருக்கிறது? என் ஸ்பானரும் அங்கேதானே இருந்தது. மாலையும் கழுத்துமாக வண்டி ஒரு நாள் முழுவதும் வாசலில் நின்றது.

விஜயதசமி காலையில் மொபெட்டில் வந்து இறங்கிய மெக்கானிக், டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அன்னக்கூடையில் விரலைத் தோய்த்து முகர்ந்தார்.

"சார், இது கியர் ஆயில்."

இந்த வண்டியில் எஞ்சினும் கியர்பெட்டியும் ஒட்டிப் பிறந்தவை போலப் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருந்தாலும், இரண்டுக்கும் தனித்தனி எண்ணெய், தனித்தனி போல்ட். நான் கியர்பெட்டியைக் காலி செய்துவிட்டு, நிறைந்திருந்த எஞ்சினில் இன்னொரு மூன்று லிட்டரை ஊற்றியிருக்கிறேன். மட்டம் அளவுக்கு மீறி ஏறினால் கிராங்க் தண்டு எண்ணெயைத் தயிர் கடைவதுபோல் கடைந்து நுரைக்க வைக்கும். மிஞ்சியது எரியும் இடத்துக்குப் போய்ப் புகையாகும். கந்தக நெடிக்கும் பட்டாசுக்கும் சம்பந்தமில்லை. பற்சக்கரங்கள் தாங்கும் அழுத்தத்துக்காகக் கியர் ஆயிலில் சேர்க்கும் கந்தகச் சேர்மங்களின் வாசனை அது. கியர் ஆயில் 75டபிள்யூ-90 என்றால், எஞ்சின் ஆயிலைவிட இரண்டு மடங்கு கெட்டியாக இருந்திருக்க வேண்டாமா, என் விரலுக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்டு என் மானத்தைக் கொஞ்சம் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தேன். இரண்டுக்கும் அளவுகோலே வேறு, இந்தத் தொண்ணூறும் அந்த நாற்பதும் ஏறக்குறைய ஒரே கெட்டிதான் சார் என்று சொல்லி அதையும் முடித்து வைத்தார். பத்தடியோடு நிறுத்தியதால் கியர்பெட்டி பிழைத்தது.

பழசும் புதுசும் கலந்த ஐந்தரை லிட்டர் எண்ணெய் எஞ்சினிலிருந்து வடிந்ததை நாங்கள் மூவரும் மௌனமாக நின்று பார்த்தோம். கழிவு எண்ணெய் அபாயகரமான கழிவுகளுக்கான விதிகளில் வருவது, சாக்கடையில் விடக் கூடாது என்று சொல்லி, பட்டறைப் பீப்பாயில் சேர்ப்பதற்காக அதைக் கேனில் பிடித்துக்கொண்டார். மறுபடியும் மூன்று லிட்டர் எஞ்சின் ஆயில், இரண்டு லிட்டர் கியர் ஆயில், அன்றைய போணி என்பதால் பேரம் பேச முடியாத 500 ரூபாய் கூலி. முப்பது ஆண்டு கணக்குப் பிரிவில் இருந்த மாமனார் இந்தக் கணக்கை மட்டும் கூட்டிப் பார்க்க விரும்பவில்லை. அவர் உள்ளே போய்ப் படுத்துவிட்டார். அந்த அன்னக்கூடை அவர் தம் மகளுக்குச் சீராகக் கொடுத்தது என்ற விவரம் வெளியானதும் அப்போதுதான்.

புறப்படும் முன் மெக்கானிக், பூஜைத் தட்டிலிருந்து கொஞ்சம் சந்தனத்தை விரலில் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தார்.

"பொட்டு வெச்சது எஞ்சின் சார், வெக்காதது கியர். அடுத்த தடவைக்கு ஞாபகம் வெச்சுக்கங்க."

ஐப்பசி பிறந்து இரண்டாவது வாரமே நல்ல மழை. தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீரில் வண்டியை ஓட்டி வந்த மறுநாள், குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு போல்ட்டுகளும் பளிச்சென்று, ஒன்றைப் போலவே மற்றொன்றும் இருந்தன.