சமூக அறிவியலில் பலதுறைப் பட்டம்: பாடங்களைக் கோப்பது எப்படி?

பொருளாதாரம், சமூகவியல், வரலாறு, அரசியல் அறிவியல் எல்லாம் ஒரே பட்டத்தில் படிக்கலாம் என்றதும் மாணவர்கள் பலர் ஒவ்வொன்றிலும் அறிமுகப் பாடத்தை எடுத்து அடுக்கிவிடுகிறார்கள். ஆறாவது செமஸ்டரில் மதிப்பெண் பட்டியல் முழுக்க ‘அறிமுகம்’ என்றே இருக்கும். ஒரு துறையிலாவது தரவை எடுத்து, சோதித்து, சொந்தமாக வாதம் கட்டும் பழக்கம் வந்திருக்காது. இந்தப் படிப்பில் நடக்கும் பெரிய இழப்பு இதுதான். முதல் ஆண்டிலேயே திட்டமிட்டால் தவிர்த்துவிடலாம்.

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 டிசம்பரில் வெளியிட்ட கட்டமைப்பில் மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட் (படிப்பின் அளவை எண்ணும் அலகு), நான்காண்டுக்கு 160. நான்காண்டில் மேஜருக்கு, அதாவது முதன்மைத் துறைக்கு, குறைந்தது 80; மைனருக்கு, அதாவது துணைத் துறைக்கு, 32. ‘பலதுறைப் பாடங்கள்’ என்ற தலைப்பில் வருவது வெறும் 9. ஆகவே துறைகள் உண்மையில் சந்திக்க வேண்டிய இடம் மேஜரும் மைனரும்தான். மைனரின் 32 என்பது 4 கிரெடிட் பாடங்கள் எட்டு. அந்த எட்டையும் மேஜருக்குள் எழும் ஒரு கேள்வியை ஒட்டித் தேர்ந்தெடுங்கள். நேர அட்டவணையில் எது காலியாக இருக்கிறது என்று பார்த்து எடுத்தால் எட்டும் எட்டுத் திசையில் நிற்கும்.

கேள்வி என்றால் எப்படிப்பட்டது? பெண்களின் உழைப்பை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் 2017-18 முதல் பிஎல்எஃப்எஸ் என்ற தொழிலாளர் கணக்கெடுப்பு நடக்கிறது. அதில் ‘வழக்கமான நிலை’ கடந்த 365 நாளைப் பார்க்கிறது. துணை வேலையாக 30 நாள் செய்திருந்தாலும் கணக்கில் வரும். ‘நடப்பு வார நிலை’யோ கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்தாரா என்று கேட்கிறது. ஒரே பெண், இரண்டு அளவுகோல், இரண்டு விடை. வீட்டுவேலை மட்டும் செய்பவருக்குக் குறியீடு 92. அதோடு விறகு பொறுக்கி, மாட்டுக்குத் தீவனம் சேகரித்து, வீட்டுக்குத் துணி தைப்பவருக்கு 93. இரண்டுமே உழைப்பாளர் தொகுப்புக்கு (வேலை செய்வோர், வேலை தேடுவோர்) வெளியே. பொருளாதார வகுப்பு, இந்தத் தொகுப்பில் பெண்களின் விகிதம் ஏன் ஏறி இறங்குகிறது என்று கேட்கும். சமூகவியல் வகுப்பு, கேள்விக்குப் பதில் சொன்னவர் யார் என்று கேட்கும். “அவ வீட்ல சும்மாதான் இருக்கா” என்று கணவரோ மாமியாரோ சொன்னால், அந்தப் பதில் அப்படியே குறியீடாக மாறிவிடும். வரலாறு படித்தவருக்கு 1961, 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் நினைவுக்கு வரும்: 1971இல் முதன்மைச் செயல்பாட்டை வைத்து வரையறையை மாற்றியபோது, பெண் உழைப்பாளர் எண்ணிக்கை சட்டென்று சரிந்தது. மாறியதில் பெரும்பங்கு வரையறைக்கு. அரசியல் அறிவியல், 2005இன் ஊரக வேலை உறுதிச் சட்டத்தை விரித்துவைக்கும்: பயனாளிகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பெண்கள், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவரோ அதற்கு மேலோ வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்று அது விதித்தது. இந்த நான்கையும் ஒரே கட்டுரையில் ஒன்றோடொன்று மோதவிட முடிந்தால், அதுதான் பலதுறைப் படிப்பு. நான்கையும் நான்கு பத்தியாக எழுதினால் போதாது.

முறையியலில் கஞ்சத்தனம் வேண்டாம். புள்ளியியல் இரண்டு பாடமாவது, களஆய்வு முறைகள் ஒன்றாவது எடுங்கள். பிஎல்எஃப்எஸ்ஸின் தனிநபர் அளவிலான தரவு இலவசமாகவே கிடைக்கிறது. அதை அலசப் பயன்படும் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளும் இலவசம். புதியவர்கள் வழக்கமாகச் சறுக்குவது எடைகளில். மாதிரிக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பெருக்கி உண்டு. அதைப் போடாமல் சராசரி எடுத்தால் வருவது மாதிரியின் சராசரி, நாட்டினுடையது அல்ல. தவிர, 2025 ஜனவரியில் கணக்கெடுப்பின் வடிவமைப்பே மாறியது. அதற்கு முந்தைய எண்களோடு நேராக ஒப்பிட வேண்டாம்.

நான்காம் ஆண்டில் ஆய்வேட்டுக்கு 12 கிரெடிட். முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீத மதிப்பெண் இருந்தால்தான் ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ் பட்டம். இல்லாவிட்டால் அந்த 12க்கு மூன்று பாடங்கள். ஆய்வேடுகள் பெரும்பாலும் தலைப்பிலேயே தோற்கின்றன. ‘தமிழகத்தில் பெண் தொழிலாளர் நிலை’ ஒரு வருடத்துக்குள் அடங்காது. ‘ஒரு பேரூராட்சியில் தூய்மைப் பணிப் பெண்களின் வேலை நேரமும் குழந்தைப் பராமரிப்பும்’ அடங்கும். ஒரு மணி நேரப் பேட்டியை எழுத்தாக்க நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். 15 பேட்டி என்றால் 60 முதல் 90 மணி நேரம். ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டுமானால் இன்னும் கூடும். இதை முன்கூட்டியே கணக்கில் எடுக்காதவர்கள் கடைசி மாதத்தில் பாதிப் பேட்டிகளைத் தூக்கி எறிய வேண்டிவரும்.

சேர்வதற்கு முன்பே பட்டத்தின் பெயரைக் கவனியுங்கள். குடிமைப் பணித் தேர்வுக்கு அங்கீகரிக்கப்பட்ட எந்தப் பட்டமும் போதும். ஆசிரியர் பணி அப்படியல்ல, துறைப் பெயர் பார்க்கப்படும். சான்றிதழில் ‘சமூக அறிவியல்’ என்று மட்டும் இருந்தால், அது எந்தப் பட்டத்துக்கு இணையானது என்று தமிழ்நாடு அரசின் அரசாணை இருக்கிறதா எனத் தேடிப்பாருங்கள். பொருளாதார முதுகலைக்குக் கணிதத்தாள் கேட்கும் இடங்களும் உண்டு. அந்த எண்ணம் இருப்பவர்கள் கணிதத்தை இரண்டாம் ஆண்டுக்குள் முடித்துவிடுங்கள்.