பேச வேண்டாம், வரையட்டும்: மீட்புப் பணியாளர்களுக்கான குழு சிகிச்சை

சடலம் தூக்கியவர்களை வட்டமாக உட்காரவைத்து, "பார்த்ததையெல்லாம் சொல்லுங்க" என்று வரிசையாகக் கேட்பது இன்னும் நடக்கிறது. நல்லெண்ணம்தான். ஆனால் ஒருவர் கண்ட காட்சி பக்கத்திலிருப்பவரின் கனவில் போய் உட்கார்ந்துகொள்ளும். சம்பவம் முடிந்த கையோடு ஒரே அமர்வில் கொட்டவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைப்பதில்லை.

மெக்சிகோவில் 1997 பவுலினா சூறாவளிக்குப் பிறகு, அகாபுல்கோ குழந்தைகளுக்காக உருவான இஎம்டிஆர் (கண்ணசைவு அல்லது இடம் வலமாகத் தட்டுதல் மூலம் அதிர்ச்சி நினைவின் வேதனையைக் குறைக்கும் சிகிச்சை) குழுமுறை பின்னர் பெரியவர்களுக்கும் வந்தது. ஆளுக்கொரு வெள்ளைத்தாள், கிரேயான். தாளை நான்கு கட்டமாகப் பிரித்து, முதல் கட்டத்தில் அதிகம் வதைக்கும் காட்சியை வரைய வேண்டும்; கிறுக்கினாலும் போதும். பக்கத்தில் 0 முதல் 10 வரை வேதனை எண். பிறகு 'பட்டாம்பூச்சி அணைப்பு': கைகளை மார்பின் குறுக்கே வைத்து, விரல்நுனி காறை எலும்புக்குக் கீழே படும்படி, இடம் வலமாக மாறிமாறி மெல்லத் தட்டுவது. மனதில் ஓடுவதைத் தடுக்காமல் கவனித்து, அப்போது தோன்றுவதை அடுத்த கட்டத்தில் வரைவார்கள். நான்கு கட்டமும் இப்படியே. யாரும் வாய்திறந்து விவரிக்கத் தேவையில்லை.

கெடுப்பது பெரும்பாலும் ஏற்பாடுதான். மேலதிகாரி அதே அறையில் இருந்தால் எல்லோரும் 2 என்று எழுதிவிடுவார்கள். சமையல்கூடத்தில் நின்றவரையும் பிணம் எடுத்தவரையும் ஒரே குழுவில் கலக்காதீர்கள். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவரை முதலில் தூங்கவிடுங்கள். கடைசிவரை எண் இறங்காதவர்களுக்கும், தட்டத் தட்டப் பதற்றம் ஏறுபவர்களுக்கும் தனி அமர்வு தேவை; அதற்கென ஓர் ஆலோசகர் அன்றே கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.